ஆச்சி குரல் எந்த ஃபோல்டர்ல இருக்கு?

இந்த எபிசோடுக்கு கெஸ்ட் யாரும் இல்ல. நானும் 31 ஆடியோ ஃபைலும்தான்.

எங்க ஆச்சி திருநெல்வேலி. போன ஐப்பசியில தவறிட்டாங்க. டைப் பண்ண வராது, அதனால எல்லாமே வாய்ஸ் நோட்தான். "ஏல, சாப்டியா?" "அங்கன மழையாமே, பைய போ." பாதிக்கு மேல நான் ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டு மீட்டிங்குக்குப் போயிருக்கேன்.

காரியம் முடிஞ்சு சென்னை திரும்பின ராத்திரி, ஒரு வாய்ஸ் நோட்டைத் தட்டினேன். ஓடல. இந்த ஃபைல் இல்லை, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்னு வந்துச்சு. அதை எழுதின டெவலப்பர் மேல கோபம் வரல. நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

என்ன நடந்ததுன்னா, இந்த மாதிரி ஆப்ல சர்வர் ஒரு தபால்காரர் மாதிரி. கொடுத்து முடிச்சதும் நகலை ரொம்ப நாள் வெச்சிருக்காது. அதுக்கப்புறம் ஃபைல் இருக்கிறது நம்ம போன்லதான். பழைய போனை எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்தப்போ சாட் மட்டும் புது போனுக்கு வந்துச்சு, ஆடியோ வரல. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டது நான்தான். ஊருக்கெல்லாம் பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதித் தர்ற ஆள்.

ரெண்டு நாள் கழிச்சுதான் உறைச்சுது. பேசி அனுப்புறவங்க போன்லயும் ஒரு காப்பி சேவ் ஆகியிருக்கும். ஆச்சி போன் பீரோல, பட்டுப்புடவைக்குக் கீழ இருந்துச்சு. அம்மா சார்ஜ் போட்டுப் பாத்தாங்க. பேட்டர்ன் லாக் நான் போட்டுக் கொடுத்ததுதான், 'ப' வடிவம். உள்ள வருஷமும் வார எண்ணும் சேர்ந்த பேர்ல ஃபோல்டர்கள். அதுல 31 ஃபைல் மிஞ்சியிருந்துச்சு. எல்லாம் ஓபஸ் ஃபார்மட். 2012-ல இன்டர்நெட் ஸ்டாண்டர்டா வந்த கோடெக் அது.

ஹெட்போன்ல கேட்டப்போ ஒரு விஷயம் வித்தியாசமா இருந்துச்சு. ஹாஸ்டல்ல இருந்து வீட்டு லேண்ட்லைனுக்குப் பேசும்போது கேட்ட குரலை விட இது கனமா இருக்கு. காரணம் இருக்கு. பழைய டெலிபோன் கடத்துறது சுமார் 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். பெண்கள் பேசும்போது குரலோட அடிப்படை அதிர்வெண் சுமார் 200 ஹெர்ட்ஸ். அதாவது ஆச்சி குரலோட அடிவேர் அந்த லைன்ல வந்து சேரவே இல்ல. மேல இருக்கிற மடங்கு அதிர்வெண்களை வெச்சு, விட்டுப்போனதை மூளையே கணக்குப் போட்டு நிரப்பிக்கும். நாலு வருஷம் நான் கேட்ட ஆச்சியில ஒரு பகுதி என் மூளை செஞ்சது. வாய்ஸ் நோட்டுக்கு அந்த 300 வரம்பு கிடையாது.

அப்புறம் எஞ்சினியர் புத்தி. சத்தம் நீக்குற சாஃப்ட்வேர்ல ஒண்ணைப் போட்டேன். குக்கர் விசில் போச்சு, ஃபேன் சத்தம் போச்சு, வாசல்ல மோர்க்காரி கூப்பிட்டதும் போச்சு. குரல் மட்டும் பளிச்சுன்னு, ஸ்டுடியோல உக்காந்து பேசுற மாதிரி. ஆச்சி எந்தக் காலத்துல ஸ்டுடியோ போனாங்க? அழிச்சுட்டேன். ஒரிஜினலைத் தொடல.

நீங்களும் காப்பி எடுத்தா அந்த ஃபைலை அப்படியே எடுங்க. எம்பி3-யா மாத்தாதீங்க. ஓபஸ் ஏற்கெனவே காதுக்குத் தெரியாதுன்னு கொஞ்சத்தைத் தூக்கிப் போட்டிருக்கும், மாத்தினா இன்னொரு தடவை போகும். நான் ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, கிளவுட்ல ஒண்ணு, சித்தி லேப்டாப்ல ஒண்ணுன்னு வெச்சிருக்கேன்.

இந்த ஆடியோவை வெச்சு ஏஐ-ல ஆச்சி குரலையே செஞ்சு, புதுசா பேச வைக்கலாமேன்னு தம்பி கேட்டான். முடியும். வேண்டாம்னேன். அது "சாப்டியா"ன்னு கேட்டா, கேக்கச் சொல்லி டைப் பண்ணது நான்னு எனக்குத் தெரியுமே.

31-ல அம்மாவுக்குப் பிடிச்சது நாலு செகண்ட் ஃபைல் ஒண்ணு. அதுல விஷயமே இல்ல. மைக்ல விரல் உரசுது, பிறகு ஆச்சி யார்கிட்டயோ, "ஏ, இது எடுக்குதா?" அவ்வளவுதான். முதல் தடவை போட்டுக் காட்டினப்போ அம்மா அரிசி களைஞ்சுட்டு இருந்தாங்க. திரும்பிக்கூடப் பாக்காம, "எடுக்குதும்மா"ன்னாங்க.