மருமகளைக் குறை சொல்லுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்

பத்து காவானில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் நம்மைப் பந்தலுக்கு வெளியே கூப்பிட்டார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். கையைப் பார்த்தாலே தெரிந்தது.

"பேப்பர்ல தோட்டத்து சனங்களப் பத்தி எழுதுறவங்கதானே நீங்க? எம் மருமவளப் பத்தி ஒண்ணு கேக்கணும். வெளிய சொல்லிப்பிடாதீங்க" என்றார்.

பெயரைச் சொல்ல மாட்டோம். ஆனால் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் இது அந்த ஒரு வீட்டுக் கதை அல்ல.

மருமகளுக்குக் கலியாணமாகி ஐந்து வருஷம். மூன்று வருஷத்துக்கு முன்னே மூன்றாவது மாதத்தில் கரு கலைந்தது. ரத்தம் நிற்காமல் போனதால் ஆஸ்பத்திரியில் 'வயிறு கழுவி' அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை. துணியில் ஒரு கறை, அவ்வளவுதான். ஆனால் அந்த நாளானால் நாலு நாளைக்கு அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. பிள்ளையும் நிற்கவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பேச்சு. காத்துக் கருப்பு என்று ஒருவர், ராசி சரியில்லை என்று ஒருவர். வயிற்றை அமுக்கி உருவிவிட்டால் சரியாகும் என்று ஒரு கிழவி. மகனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்றுகூட ஒரு பேச்சு வந்ததாம்.

"நான் விடல. பெரிய டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். கருப்பைக்குள்ள தழும்பு விழுந்து ஒட்டிக்கிட்டிருக்குன்னு சொல்றாரு. வயித்துக்குள்ள எப்படிங்க தழும்பு விழும்? அத எப்படி எடுப்பாங்க? எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல."

அந்த அம்மாளுக்குச் சொன்னதை வாசக சகோதரிகள் எல்லோருக்கும் சொல்லுகிறோம். ஆண்களும் படிக்க வேண்டும்.

பட்டையும் மரமும்

வயிற்றுக்குள் எப்படித் தழும்பு விழும் என்ற கேள்விக்கு, பால்மரம் வெட்டியவர்களுக்குப் பதில் பாதி தெரிந்ததுதான். பட்டையை மட்டும் பதமாகச் சீவினால் பால் வடிகிறது. நாளடைவில் புதுப்பட்டை வளர்கிறது. கத்தி ஆழமாகப் போய் மரத்திலே பட்டுவிட்டால், அந்த இடத்தில் நல்ல பட்டை வராது. முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும். அப்புறம் அங்கே கத்தி வைக்க முடியாது.

கருப்பையின் உட்புறமும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. மேலே ஒரு மெத்தை போன்ற படலம் இருக்கிறது. மாதா மாதம் அதுதான் கரைந்து மாதவிலக்காக வெளியே வருகிறது. அதற்கு அடியிலே வேர் போன்ற இன்னொரு படலம் இருக்கிறது. மேல்படலம் போனாலும், அடிப்படலம் நன்றாக இருந்தால் அடுத்த மாதம் மறுபடி வளர்ந்துவிடும். அடிப்படலமே சுரண்டப்பட்டுவிட்டால், அல்லது கிருமியால் புண்ணாகிவிட்டால், அந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பவை. இரண்டு பக்கமும் புண் இருந்தால், ஆறும்போது ஒட்டிக்கொள்ளும்.

இதை முதன்முதலில் 1894-ஆம் ஆண்டில் ஃபிரிட்ஷ் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதினார். பிறகு 1948-இல் யோசப் ஆஷர்மன் என்ற மருத்துவர், பிரசவத்துக்கும் கருச்சிதைவுக்கும் பிறகு மாதவிலக்கு நின்றுபோன 29 பெண்களைப் பற்றி விவரமாக எழுதினார். அவர் பெயராலேயே இதை 'ஆஷர்மன் நோய்' என்கிறார்கள். ஆகவே இது காத்தும் கருப்பும் அல்ல. பேர் உள்ள நோய், பார்க்க வழியுள்ள நோய்.

யாருக்கு வரும்?

கரு கலைந்த பிறகோ, பிரசவத்தில் நச்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிட்ட பிறகோ கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தவர்களுக்கு வரலாம். இப்படி இரண்டு மூன்று தடவை செய்திருந்தால் வாய்ப்பு அதிகம். கருப்பையில் கட்டி எடுத்தவர்கள் சிலருக்கும் வரலாம்.

இதைப் படித்துவிட்டு, "வயிறு கழுவவே கூடாது" என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். ரத்தம் கொட்டும்போது அந்தச் சிகிச்சை உயிரைக் காப்பாற்றுகிறது. சுத்தம் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு குறையும் வருவதில்லை. இரும்புக் கரண்டியால் சுரண்டுவதைவிட, உறிஞ்சி எடுக்கும் முறை கருப்பைக்குப் பாதுகாப்பானது. உலகச் சுகாதார நிறுவனமும் அதையே சொல்லுகிறது. "டாக்டர், எந்த முறையில் செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்பது நமது உரிமை. ஒளிவு மறைவாக, தகுதியில்லாதவர் கையில் வயிற்றைக் கொடுப்பதுதான் ஆபத்து.

இன்னொரு காரணம் டி.பி. நுரையீரலில் மட்டும்தான் அது வரும் என்று நினைக்கிறோம். அந்தக் கிருமி ரத்தத்தோடு போய்க் கருக்குழாயிலும் கருப்பையிலும் தங்கிவிடுவதுண்டு. இந்தியாவில் கருப்பை ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கரு கலையாதவர்களுக்கும், கழுவிச் சுத்தம் செய்யாதவர்களுக்கும்கூட இதனால் மாதவிலக்கு குறைந்து போகலாம். டி.பி.க்கு மருந்து உண்டு. வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டு இதைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே, 1956-இல் சென்னையில் தொடங்கிய டி.பி. ஆராய்ச்சி நிலையம்தான். ஆனால் விழுந்த தழும்பை மருந்து அழிக்காது. அதனால்தான் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்கிறோம்.

வாய்க்காலில் அடைப்பு

சிலருக்குக் கருப்பையின் உட்புறம் நன்றாக இருக்கும். கருப்பை வாயில் மட்டும் தழும்பு விழுந்து துவாரம் சுருங்கிவிடும், அல்லது மூடிக்கொள்ளும். கழுவியதாலும் வரலாம், புற்றுநோய்க்கு முந்திய புண் என்று கருப்பை வாயில் சதை எடுத்ததாலும் வரலாம்.

தோட்டத்து வாய்க்காலில் மட்டை விழுந்து அடைத்துக்கொண்டால் மேலே தண்ணீர் தேங்குகிறதல்லவா? அதுபோல உள்ளே ரத்தம் தேங்கிவிடும். மாதாமாதம் அந்த நாளில் வலி வரும், ரத்தம் வராது. வருஷக்கணக்கில் பலர் 'சூடு' என்றும் 'வாயு' என்றும் சொல்லி ஒதுக்கிவிடும் அடையாளம் இதுதான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கழுவிச் சுத்தம் செய்த பிறகு, நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு மாதவிலக்கு திரும்பிவிடும். இரண்டு மூன்று மாதம் ஆகியும் வரவில்லை, அல்லது முன்னைவிட மிகவும் குறைந்துவிட்டது என்றால் கிளினிக்குக்குப் போங்கள். காய்ச்சல், துர்நாற்றம், கடும் வலி, ரத்தப் பெருக்கு இருந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மாதவிலக்கு நின்றதெல்லாம் தழும்பு என்றும் நினைக்கக் கூடாது. மறுபடி கரு நின்றிருக்கலாம். பால் கொடுக்கும் தாய்க்கு நிற்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி போட்டவருக்கு நிற்கலாம். தைராய்டுக் கோளாறாலும் நிற்கலாம். ஆகவே மருத்துவர் முதலில் சிறுநீரும் ரத்தமும் பார்ப்பார்.

பிறகு ஸ்கேன். உட்படலம் மெலிந்திருக்கிறதா, ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று அதில் ஓரளவு தெரியும். அடுத்து, கருப்பைக்குள் சாயநீரைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதுண்டு. சாயம் பரவாத இடம் ஒட்டியிருக்கும் இடம். கொஞ்ச நேரம் வலிக்கும், சீக்கிரம் அடங்கிவிடும். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்றும் இதிலேயே பார்த்துவிடலாம்.

எல்லாவற்றிலும் நிச்சயமானது ஹிஸ்டெரோஸ்கோப்பி. பென்சிலைவிட மெலிந்த ஒரு குழாய். நுனியில் விளக்கும் கண்ணாடியும் இருக்கும். அதைப் பெண்ணுறுப்பு வழியாகவே கருப்பைக்குள் செலுத்தி, நேராகப் பார்க்கிறார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை.

சிகிச்சை என்ன?

பார்க்கிற குழாய் வழியாகவே சின்னக் கத்தரிக்கோலை விட்டு, ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பிரிக்கிறார்கள். பலர் அன்றைக்கே வீடு திரும்பலாம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சுரண்டுவது இதற்குச் சிகிச்சை அல்ல. அது தழும்பைக் கூட்டும். வெளியே இருந்து வயிற்றை உருவி அமுக்கினாலும் உள்ளே ஒட்டியது பிரியாது. கருப்பை வாய் மட்டும் அடைத்திருந்தால், அதை மெல்லத் திறந்து தேங்கிய ரத்தத்தை வடித்துவிடுவார்கள். அப்போதே வலி குறையும்.

பிரித்த இடம் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சின்னப் பலூனோ வளையமோ சில நாள் உள்ளே வைப்பதுண்டு. படலம் வளர ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சில வாரம் கொடுப்பதுண்டு. பிறகு ஒன்று இரண்டு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது பார்வைக்குத்தான் நம்மவர்கள் போவதில்லை. "வலி போச்சு, இனி எதுக்கு?" என்று நின்றுவிடுகிறோம். அது தப்பு.

ஒளிக்காமல் ஒன்று சொல்லுகிறோம். கொஞ்சமாக ஒட்டியிருந்தால் நல்ல பலன் கிடைக்கிறது. பலருக்கு மாதவிலக்கு திரும்புகிறது, பிள்ளையும் பிறக்கிறது. கருப்பை முழுதுமே ஒட்டியிருந்தால் ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டியிருக்கும். மறுபடி ஒட்டவும் கூடும். எல்லோருக்கும் பிள்ளை கிடைக்கும் என்று எந்த நல்ல மருத்துவரும் வாக்குக் கொடுக்க மாட்டார்.

கரு நின்றாலும் கவனம் தேவை. தழும்பு இருந்த இடத்தில் நச்சுக்கொடி ஆழமாக வேரூன்றி, பிரசவத்தில் பிரியாமல் ரத்தம் கொட்டலாம். ஆகவே முதல் தடவை கிளினிக்குக்குப் போகும்போதே பழைய கதையை முழுக்கச் சொல்லிவிட வேண்டும். பிரசவம் நிபுணர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில்தான்.

எங்கே போவது, எவ்வளவு செலவு?

முன்பு தோட்டத்து டிரசர் கொடுத்ததுதான் மருந்து. பினாங்கு பெரியாஸ்பத்திரி என்றால் பெர்ரி ஏறிப் போக வேண்டும். 1985-இல் முதல் பாலம் வந்தது. 2014-இல் பத்து காவானிலிருந்தே தீவுக்கு இரண்டாம் பாலம் திறந்தார்கள், 24 கிலோமீட்டர். தோட்டம் இருந்த பக்கம் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்டன. பாதை சுருங்கிவிட்டது, நமது தயக்கம்தான் சுருங்கவில்லை.

முதலில் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கோ, சுங்கை பாக்காப் மருத்துவமனைக்கோ போய்க் கடிதம் வாங்குங்கள். அங்கிருந்து செபராங் ஜெயா அல்லது பினாங்கு மருத்துவமனையின் பெண்கள் நிபுணரிடம் அனுப்புவார்கள். குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. எந்த மாதம் கரு கலைந்தது, எங்கே சுத்தம் செய்தார்கள், கடைசியாக விலக்கு எப்போது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

சம்பளம் போகுமே என்ற பயமா? 22 வாரத்துக்கு முன் கரு கலைந்தால் அது பிரசவ விடுப்பில் சேராது. ஆனால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவச் சீட்டோடு சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்து 2 வருஷத்துக்குள் என்றால் ஆண்டுக்கு 14 நாள். 2 முதல் 5 வருஷத்துக்குள் 18 நாள். அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை. 2023 முதல் அது தனிக் கணக்கு. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். மறுத்தால் சங்கத்தில் சொல்லுங்கள். தொழிலாளர் இலாகாவும் இருக்கிறது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

பிள்ளை இல்லை என்றால் குறை பெண்ணிடம் என்று எழுதி வைத்ததுபோல் பேசுகிறோம். கணவனிடமும் குறை இருக்கலாம். அவனுக்குச் செய்யும் பரிசோதனை சுலபமானது, வலியும் கிடையாது. அதை முதலிலேயே செய்துகொள்ளாமல், மனைவியை மட்டும் கத்திக்கும் ஊசிக்கும் அனுப்புவது நியாயமா?

மறுபடி அந்த அம்மாளைச் சந்தித்தோம். மருமகளுக்கு ஒட்டியதைப் பிரித்துவிட்டார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு விலக்கு ஒழுங்காக வந்திருக்கிறது, வலி இல்லை. இரண்டாவது பார்வைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். கரு இன்னும் நிற்கவில்லை.

"நின்னா சந்தோஷம். நிக்காட்டியும் அவ எம் மருமவதான்" என்றார் அந்த அம்மாள். பிறகு சிரித்துக்கொண்டே, "மரத்துல காயம் பட்டா மண்டோரு வெட்டுனவங்களத்தான் திட்டுவாரு. மரத்தத் திட்ட மாட்டாரு" என்றார்.

லயத்திலும் அடுக்குமாடியிலும் இருக்கும் மாமியார்களெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதே நமது ஆசை.