கை திருகாது, நட்டு மட்டும் கழலும்: எப்படித் தெரியுமா?

துருவேறி இறுகிப்போன சக்கர நட்டு. ஸ்பேனர் மாட்டி ஆள் ஏறி மிதித்தாலும் அசையாது. அதையே கையடக்கமான ஒரு பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் சில நொடிகளில் கழற்றிவிடுகிறது. அத்தனை விசையிலும் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு ஏன் திருகிக்கொள்வதில்லை தெரியுமா?

அது நட்டைத் திருகுவதைவிட அடிப்பதுதான் அதிகம்! உள்ளே சுழலும் இரும்புச் சுத்தியல் ஒன்று. அதன் முன்னால் சாக்கெட்டைத் தாங்கும் பட்டடை. நட்டு முரண்டு பிடித்தால் சுத்தியல் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்வாங்கும், பட்டடையின் காதைத் தாண்டும், பாய்ந்து வந்து பக்கவாட்டில் ஓர் அறை விடும். இப்படி நிமிடத்துக்கு 2,000 அடிக்கும் மேல்! மெக்கானிக் ஸ்பேனரின் வாலில் சுத்தியலால் தட்டுவாரே, அதே வித்தை. அடி முழுக்க நட்டுக்குப் போகிறது. கைக்கு வருவது மோட்டாரின் சின்ன இழுப்பு மட்டுமே.

விண்வெளிக்கும் இப்படி ஒரு ரெஞ்ச் தேவைப்பட்டது தெரியுமா? எடையற்ற நிலையில் போல்ட்டைத் திருகினால் வீரரே எதிர்ப்பக்கம் சுழல ஆரம்பித்துவிடுவார். அப்படிச் சுழலவிடாத ரெஞ்சை 1960களின் நடுவில் நாசாவின் ஜெமினி திட்டத்துக்காக வடிவமைத்தது பிளாக் அண்ட் டெக்கர்!

இனி கடைக்கு வருவோம். மில்வாக்கியின் 2767 மாடலுக்கு 1,400 அடி-பவுண்டு என்கிறார்கள். ஏறக்குறைய 1,900 நியூட்டன் மீட்டர்! ஆனால் அது கழற்றும் விசை. அதே கருவி முடுக்கும் விசை 1,000 அடி-பவுண்டுதான். பெரும்பாலான கார்களின் சக்கர நட்டுக்கு வேண்டியதோ 100 முதல் 140 நியூட்டன் மீட்டர். வீட்டுக் காருக்கு இந்த ராட்சசன் எதற்கு? கொஞ்சம் அசந்தால் போல்ட்டே முறிந்துவிடும். 450 அடி-பவுண்டில் கழற்றும் டீவால்ட் டிசிஎஃப் 921 போன்ற குட்டிக் கருவியே தாராளம். கடைசி முடுக்கை, அளவு பார்த்து முடுக்க உதவும் டார்க் ரெஞ்சில் கையால் கொடுங்கள். சாக்கெட்டும் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டாகவே இருக்கட்டும். பளபளக்கும் சாதா சாக்கெட் அடி தாங்காமல் சிதறலாம்.

அமெரிக்காவில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று டீவால்ட் விற்பதும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்பதும் ஒரே ரகம்தான், தெரியுமா? உள்ளே 5 லித்தியம் செல்கள் வரிசையாக. முழு சார்ஜில் 20ஐத் தொடும், வேலையில் இறங்கினால் சராசரி 18. அதைவிட முக்கியம், செல்களின் எண்ணிக்கை. ஒரே ரெஞ்சில் 5 செல் பேட்டரியை எடுத்துவிட்டு 10 செல் பேட்டரியைப் போட்டால் அடியின் வேகமே மாறும்!

வாரண்டியில்தான் பெரிய ஆச்சரியம். மில்வாக்கி, ரியோபி, ரிட்ஜிட் மூன்று பெயரிலும் மின்கருவிகளைத் தயாரிப்பது ஹாங்காங்கின் டிடிஐ என்ற ஒரே நிறுவனம்! ஆனால் வாக்குறுதி மூன்று விதம். வாரண்டி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க நிலவரப்படி மில்வாக்கி ரெஞ்சுக்கு 5 ஆண்டு, ரியோபிக்கு 3 ஆண்டு. ரிட்ஜிட்டுக்கோ ஆயுள்கால இலவச சர்வீஸ், பேட்டரிக்கும் சேர்த்து! முக்கிய நிபந்தனை: வாங்கிய 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். டீவால்ட் 3 ஆண்டு தருகிறது. 90 நாளுக்குள் பிடிக்கவில்லையென்றால் பணமும் வாபஸ்.

முதலில் தளர்வது பெரும்பாலும் பேட்டரிதான் என்பதால் நான் முதலில் தேடுவது அதன் வாரண்டியை. மில்வாக்கியில் ரெஞ்சுக்கு 5 ஆண்டு என்றாலும் அதில் மாட்டும் எம்18 என்ற 18 வோல்ட் பேட்டரிக்கு மாடலைப் பொறுத்து 2 அல்லது 3 ஆண்டுதான். பில் தொலைந்தால்? கருவி தயாரான தேதியிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். கடை அலமாரியில் சும்மா கிடந்த மாதங்களும் உங்கள் கணக்கில்! வெப்பத்தாளில் அடித்த பில் வேறு சீக்கிரம் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே பில்லையும் கருவியின் சீரியல் எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.