சிறுத்தைப்புலிகளின் பாதுகாப்பும் தோட்ட மக்களின் வாழ்வும்

நல்லதண்ணி, லக்ஷபான தோட்டப் பகுதியில் 2020 ஆம் ஆண்டு மே மாதம் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சிகிச்சையளிக்கப்பட்ட போதிலும் சில தினங்களில் உயிரிழந்தமை நாடெங்கும் கவலையை ஏற்படுத்தியது. அக்கவலை நியாயமானதே. ஆயினும், மலையகத் தோட்டங்களில் இத்தகைய சுருக்குகள் ஏன் வைக்கப்படுகின்றன என்ற கேள்வி அன்று போதியளவு எழுப்பப்படவில்லை என்றே நாம் கருதுகின்றோம்.

சிறுத்தையைக் குறிவைத்துச் சுருக்கு வைக்கப்படுவது அரிது. அது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காகவே வைக்கப்படுகின்றது. லயன் அறைகளை அண்டிய சிறு துண்டு நிலத்தில் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு பயிரிட்டு, நாட்சம்பளத்தால் ஈடுகட்ட முடியாத செலவுகளைச் சமாளிக்கும் குடும்பங்கள் பல. பன்றிக்கூட்டம் ஒன்று ஓரிரவில் புகுந்து சென்றால், பல மாத உழைப்பு மண்ணோடு மண்ணாகி விடும். உறுதியான வேலி அமைக்கப் பணமில்லை. பயிரிடும் காணியும் பெரும்பாலும் அவர்களுடையதல்ல. கையில் அகப்படுவது பழைய பிரேக் கம்பி ஒன்றுதான். இறைச்சிக்காகச் சுருக்கு வைப்போரும் உள்ளனர் என்பதை நாம் மறைப்பதற்கில்லை. ஆனால் இரு தரப்பினரையும் ஒரே தட்டில் வைத்து நோக்குவது நீதியாகாது.

சிவனொளிபாதமலை வனப்பகுதி 1940 இல் சரணாலயமாக்கப்பட்டது. ஹோட்டன் சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவானது. நக்கிள்ஸ் மலைத்தொடருடன் இவையிரண்டும் 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பெருமைக்குரிய விடயமே. எனினும் சிறுத்தைக்கு வர்த்தமானியில் குறித்த எல்லை தெரியாது. தேயிலை மலைகளுக்கிடையே எஞ்சியுள்ள சிறு காடுகள், ஓடைகள், யூக்கலிப்டஸ் தோப்புகள் வழியாகவே அது நடமாடுகின்றது. ஆகவே மலையகச் சிறுத்தையின் தலைவிதி, பூங்கா அலுவலகத்தில் அன்றி, தோட்டத்திலேயே பெருமளவு தீர்மானிக்கப்படுகின்றது. (இக்காடுகளை அழித்துக் கோப்பியும் தேயிலையும் பயிரிட்டது ஆங்கிலேயரின் முதலீடு என்பதும், கூலிக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களே இன்று காட்டின் பகைவர்களாகச் சித்திரிக்கப்படுகின்றனர் என்பதும் வரலாற்றின் விந்தை.)

பராமரிப்பின்றிக் கைவிடப்பட்ட தேயிலை நிலங்கள் பற்றைக்காடாகி, பன்றிகளுக்கும் அவற்றைத் தேடிவரும் சிறுத்தைகளுக்கும் லயன்களுக்கு அருகிலேயே புகலிடமாகி விட்டன. கொழுந்து பறிக்கும் பெண்கள் சிறுத்தையின் தாக்குதலுக்கு இலக்கான செய்திகள் ஹட்டன் பிரதேசத்திலிருந்து பலமுறை வந்துள்ளன. காயமடைந்தவருக்கு வேலைக்குச் செல்ல இயலாத ஒவ்வொரு நாளும் சம்பளமற்ற நாளாகின்றது.

இதே பிரச்சினை கடலுக்கு அப்பாலும் உண்டு. தமிழ்நாட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் யானைகளால் மனித உயிர்கள் பறிபோயின. அங்கு ஆய்வாளர்களும் வனத்துறையும் தோட்ட நிருவாகங்களும் இணைந்து, யானைகள் நிற்குமிடத்தைக் கையடக்கத் தொலைபேசிக் குறுஞ்செய்தி மூலம் மக்களுக்கு அறிவித்தனர். தொலைவிலிருந்து காணத்தக்க சிவப்பு எச்சரிக்கை விளக்குகளையும் பொருத்தினர். உயிரிழப்புகள் குறைந்தன. தொழிலாளிக்கு அவருடைய மொழியில், உரிய நேரத்தில் தகவல் கிடைத்ததே அங்கு முக்கியமானது.

எமது மலையகத்தில் சுருக்குகளை அகற்றுமாறு கோரும் வனஜீவராசிகள் திணைக்களம், தமிழில் உரையாடக்கூடிய உத்தியோகத்தர்களைத் தோட்டங்களுக்கு அனுப்ப வேண்டும். மரக்கறிப் பாத்திகளைச் சுற்றிப் பொது வேலி அமைக்க அரசு உதவ வேண்டும். 1992 முதல் இத்தோட்டங்களை நிருவகித்து வரும் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள், லயன்களை அண்டிய பற்றைக்காடுகளைத் துப்புரவு செய்வதுடன், சிறுத்தை நடமாட்டம் அறியப்பட்ட மலைகளில் கொழுந்து பறிக்க அனுப்புவதை நிறுத்தி, அந்நாட்களுக்குரிய சம்பளத்தையும் வழங்க முன்வர வேண்டும்.