தோற்ற இரவில் நாம் கேட்காத கேள்வி

2025 மார்ச் 25 ஆம் திகதி பேங்கொக்கில் நடந்த ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் இலங்கை உதைபந்தாட்ட அணி தாய்லாந்திடம் 0-1 எனத் தோற்றது. ரமழானின் கடைசிப் பத்து அது. தராவீஹ் முடிந்து கந்தப்பளை டவுனில் நாங்கள் வழமையாகக் கூடும் தேநீர்க் கடையில் அன்றிரவு பிளேன்டி ஆறிப்போனதுதான் மிச்சம். யாரும் குடிக்கவில்லை, எல்லோரும் கதைத்தார்கள்.

"தாய்லாந்துக்கிட்ட ஒண்டுதானே வாங்கின? முந்தியெல்லாம் அஞ்சு, ஆறு வாங்கிட்டு வருவானுகள்" என்றார் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டும் நண்பர். "தோல்வி தோல்விதான் தம்பி, அதுல சின்னது பெருசு இல்ல" என்றார் கடைக்கார நானா. அடுத்ததாக வந்ததுதான் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வரும் அந்தப் பழைய சண்டை. "வெளிநாட்டுல பொறந்தவனுகளக் கொண்டுவந்து போட்டா எங்கட நாட்டுப் பொடியன்மார் என்ன செய்யிற?" என்றார் ஒருவர். "அவங்க இல்லாட்டி எட்டு வாங்கியிருப்போம்" என்றார் இன்னொருவர்.

எட்டு என்பது வாய்க்கு வந்த கணக்கல்ல. 2019 ஒக்டோபரில் தென் கொரியாவிடம் இலங்கை 0-8 எனத் தோற்றது இங்கே எல்லோருக்கும் ஞாபகம்.

இந்த வெளிநாடு, உள்நாடு சண்டையில் நானும் பல வருடம் ஒரு பக்கம் நின்று கத்தியவன்தான். இப்போது இரண்டு பக்கமும் தவறான இடத்தில் தேடுவதாகவே எனக்குப் படுகிறது. அதை விளக்க ஒரு போட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2021 ஜூன் 5, தென் கொரியாவின் கொயாங் நகரம், உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்று, எதிரணி லெபனான்.

அந்தப் போட்டிக்கு இலங்கை வந்த வழியே விசித்திரமானது. 2019 ஜூன் முதல் வாரத்தில் மக்காவுடனான முதற் போட்டியில் எமது அணி 0-1 எனத் தோற்றிருந்தது. இரண்டாவது போட்டி கொழும்பில் நடக்கவிருந்தது. ஈஸ்டர் தாக்குதலைக் காரணம் காட்டி மக்காவ் வர மறுத்தது. ஃபிஃபா அந்தப் போட்டியை இலங்கைக்கு 3-0 என்று வழங்கியது. நாங்கள் அடுத்த சுற்றுக்குப் போனோம். அந்த ஜூன் மாதத்தில் முஸ்லிம்களாகிய நாம் எப்படி இருந்தோம் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மினுவாங்கொடையும் குருநாகல் மாவட்டக் கிராமங்களும் எரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எமது அமைச்சர்கள் கூட்டாக இராஜினாமா செய்த அதே வாரத்தில்தான் பெருநாளும் வந்தது. எங்களைத் தலைகுனிய வைத்த அதே சம்பவத்தின் பெயரால் தேசிய அணிக்கு ஒரு வெற்றி. அதைக் கொண்டாட எவருக்கும் மனம் வரவில்லை.

அப்படி நுழைந்த குழுவில் தென் கொரியா, லெபனான், துர்க்மெனிஸ்தான், வட கொரியா. வட கொரியா இடையில் விலகிக்கொண்டது. லெபனானுடனான அந்தப் போட்டி நடக்கும்போது நாடு கொரோனா பயணத்தடையில். கடை இல்லை, கூட்டம் இல்லை, எல்லோரும் வீட்டில் கைபேசித் திரையில் பார்த்தோம். 10 ஆவது நிமிடத்தில் அஹமட் வஸீம் ரஸீக் கோல் அடித்தார். லெபனான் அப்போது தரவரிசையில் முதல் 100க்குள் இருந்த அணி. நாங்களோ 200ஐயும் தாண்டிய இடத்தில். எமது மையித்துகளை எரிக்காமல் ஓட்டமாவடியில் அடக்க அனுமதி கிடைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் இலங்கை ஜேர்சியில் ரஸீக் என்ற பெயருள்ள ஒருவர் கோல் அடித்துவிட்டு ஓடுவதைப் பார்த்தபோது என் வீட்டில் உம்மாகூட எழுந்து நின்றார். அவருக்கு ஓஃப்சைட் என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது.

சந்தோஷம் சில நிமிடங்கள்தான். இடைவேளைக்கு முன்பே லெபனான் 3-1 என முன்னேறிவிட்டது. இரண்டாம் பாதியில் பெனால்டி மூலம் ரஸீக் இன்னொன்றைப் போட, 2-3 என்று ஆட்டம் முடிந்தது. கணக்கில் எடுக்கப்பட்ட 6 போட்டிகளிலும் அந்தக் குழுவில் இலங்கை வாங்கிய கோல் 23, போட்டது 2. இரண்டும் ரஸீக்குடையவை, இரண்டும் அந்த ஒரே நாளில்.

உடனே தொலைபேசியில் சண்டை தொடங்கியது. "பெர்லின்ல பொறந்தவன் ரெண்டு போட்டான், இங்க பொறந்தவனுகள் மூண்டு குடுத்தானுகள்" என்று ஒரு பக்கம். "ஒருத்தன நம்பி டீம் நடத்தினா இப்பிடித்தான்" என்று மறுபக்கம். அப்போதைய பயிற்றுவிப்பாளர் அமிர் அலாகிச்சுக்கும் தாராளமாக ஏச்சு விழுந்தது.

ரஸீக் பெர்லினில் பிறந்து, யூனியன் பெர்லின் கழகத்தில் பயின்று வந்தவர் என்பது உண்மை. ஆனால் அன்று லெபனானுக்காக இரண்டு கோல் அடித்த ஜோன் ஓமாரியும் பெர்லினில் பிறந்தவர்தான். இதை நான் பின்னர் அறிந்தபோது எங்கள் சண்டையின் பாதி அந்த இடத்திலேயே முடிந்துவிட்டதாகத் தோன்றியது. இரண்டு நாடுகளும் ஒரே நகரத்தில் வளர்ந்த தங்கள் பிள்ளையைக் கொண்டுவந்திருக்கின்றன. ஒரு நாடு வென்றது, ஒரு நாடு தோற்றது. அப்படியென்றால் வித்தியாசம் அவர்களில் இல்லை, மற்றவர்களில் இருக்கிறது.

இன்னொரு விடயம், ஓமாரி முன்கள வீரர் அல்ல, நடுத் தற்காப்பு வீரர். ஒரு தற்காப்பு வீரர் கோல் அடிக்கும் இடம் வழமையாக கோர்னர் கிக்கும் ஃப்ரீ கிக்கும்தான். அந்த மாதிரிப் பந்துகளைத் தடுப்பது உயரம் சம்பந்தப்பட்ட விடயம் மட்டுமல்ல. யார் யாரைப் பிடிப்பது, பந்து வெளியே வந்தால் யார் முன்னே ஓடுவது என்பது வாராவாரம் ஒன்றாக விளையாடிப் பழகினால் வரும். முகாமில் மூன்று வாரம் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் 20 நிமிடம் ஞாபகம் இருக்கும், கால் களைத்ததும் மறந்துபோகும். கோல் போட்டவுடன் கோல் வாங்குவதும் இதே நோய்தான். முன்னிலையில் இருந்து பழக்கமில்லாத அணிக்கு முன்னிலை வந்தால் என்ன செய்வதென்று தெரிவதில்லை.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, எமது உள்ளூர் வீரன் வருடத்துக்கு எத்தனை கடினமான போட்டி விளையாடுகிறான் என்பது. ஜெர்மனியின் முதற் பிரிவில் 18 கழகங்கள், ஆளுக்கு 34 போட்டிகள், கிண்ணப் போட்டிகள் அதற்கு மேலே. 2021இல் இங்கே தொடங்கிய சுப்பர் லீக்கில் 10 கழகங்கள். ஒரு சுற்று மட்டும் ஆடினால் ஆளுக்கு 9 போட்டிதான் வரும். அந்தப் பத்தில் நாவலப்பிட்டியின் அப் கண்ட்ரி லயன்ஸ் கழகமும் இருந்தது, மலையகத்துக்கு அது பெரிய விடயம். களுத்துறை புளூ ஸ்டார் கழகம் சம்பியனானது. அதே புளூ ஸ்டார் 2022 ஏப்ரலில் ஏஎஃப்சி கிண்ணத் தகுதிகாண் போட்டிக்காகக் கொல்கத்தா போய் மோகன் பகானிடம் 0-5 எனத் தோற்றது. எமது நாட்டின் முதலாவது கழகத்துக்கும் பக்கத்து நாட்டுக் கழகத்துக்கும் இடையிலான தூரம் அது.

அதன்பிறகு இன்னும் மோசம். வெளியார் தலையீடு என்ற காரணத்துக்காக 2023 ஜனவரி 21 ஆம் திகதி ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதக் கடைசியில்தான் தடை நீங்கியது. இடையில் பெங்களூருவில் நடந்த தெற்காசியச் சம்பியன்ஷிப்பை எமது அணி வீட்டில் இருந்து பார்த்தது. தடை நீங்கி ஆறு வாரத்தில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி, எதிரணி யெமன். முதற் போட்டியில் 0-3 தோல்வி, கொழும்பில் 1-1 சமநிலை, அத்தோடு வெளியே. அன்றும் கடையில் கோல்காப்பாளரைத்தான் திட்டினோம். ஏழு மாதம் சர்வதேசப் போட்டியே இல்லாதவனிடம் என்ன எதிர்பார்த்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் கடையில் ஒரு இளைஞர் பலஸ்தீனைக் காட்டி என்னை மடக்கப் பார்த்தார். "அவங்களுக்கு சொந்த நாட்டுல விளையாட ஒரு கிறவுண்ட் கூட இல்லயே, லீக்கும் நிண்டு போச்சு, அவங்க எப்பிடி?" நல்ல கேள்வி. 2024 ஜனவரியில், காஸா எரிந்துகொண்டிருந்தபோது, பலஸ்தீன் ஆசியக் கிண்ணத்தில் ஹொங்கொங்கை 3-0 என வென்று கடைசி 16க்குள் நுழைந்தது, அங்கே கட்டாரிடம் 1-2 எனத் தோற்றது. ஆனால் அவர்களது வீரர்களில் பலர் வெளிநாட்டுக் கழகங்களில் சம்பளத்துக்கு விளையாடுபவர்கள். வீட்டில் லீக் இல்லை என்றாலும் ஏதோ ஒரு நாட்டில் வாராவாரம் விளையாடுகிறார்கள். ஈமானையும் தியாகத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் "அவங்களுக்கு உணர்வு இருக்கு, எங்களுக்கு இல்ல" என்று சொல்லி முடித்துவிடுவது அந்த வீரர்களின் உழைப்புக்கும் அநியாயம், எமது பிள்ளைகளுக்கும் அநியாயம்.

இன்னொரு பேச்சும் எம்மவர் மத்தியில் உண்டு, தவிர்க்காமல் சொல்லிவிடுகிறேன். தோற்றால் "எங்கட ஆக்கள எடுக்கிறல்ல" என்பது. தலைமைக்கு ஒரு முஸ்லிம் வந்தால் "இனி எல்லாம் சரி" என்பது. 2021 ஜூன் 30இல் ஜஸ்வர் உமர் சம்மேளனத் தலைவராகத் தெரிவானபோதும், தடை நீங்கிய பின் 2023 செப்டம்பரில் மீண்டும் தெரிவானபோதும் இதைக் கேட்டேன். அவரை நன்றாகச் செய்தார், செய்யவில்லை என்று எடைபோடலாம். பெயரை வைத்து எடைபோடுவதில் பிரயோசனம் இல்லை. பந்துக்கு அது தெரியாது.

நியாயமாகச் சொன்னால், பேங்கொக் தோல்வி பழைய தோல்விகளைப் போன்றதல்ல. 2024 செப்டம்பரில் குவைத்தைச் சேர்ந்த அப்துல்லாஹ் அல் முதைரியின் பயிற்சியில் கம்போடியாவுடன் 0-0, 2-2 என இரண்டு போட்டிகளையும் சமப்படுத்தி, பெனால்டியில் வென்றுதான் அந்தச் சுற்றுக்கே வந்தோம். பேங்கொக்குக்குப் பிறகு, ஜூன் 10இல் கொழும்பில் சைனீஸ் தாய்பேயை 3-1 என வென்றோம். வெளிநாடுகளில் வளர்ந்த பிள்ளைகளின் பங்கு இதில் பெரியது, அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இந்த மண்ணில் பிறந்து, இந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இருந்தால் ஃபிஃபா சட்டம் அவர்களை எமது வீரர்களாகவே பார்க்கிறது. லண்டனிலோ ஸ்டொக்ஹோமிலோ பிறந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த நாட்டின் யுத்தமும் வறுமையும்தான், அவர்கள் அல்ல. ஆனால் அவர்கள் பள்ளத்துக்கு மேலே போட்ட பலகை. பள்ளம் அப்படியே இருக்கிறது. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை எடுத்த அணியும், 1998இல் தரவரிசையில் 122 ஆம் இடம் வரை ஏறிய அணியும் உள்ளூர் கழகங்களில் விளையாடிய பிள்ளைகளால் ஆனவை.

ரசிகனாக நாம் என்ன செய்யலாம் என்று கேட்டால், சம்மேளனத் தலைவரைத் தெரிவு செய்யும் வாக்கு பிரதேச லீக்குகளிடம் இருக்கிறது. அந்த லீக்கைத் தெரிவு செய்வது ஊர்க் கழகங்கள். ஊர்க் கழகம் என்றால் எமது சாச்சா, மச்சான், பக்கத்து லயத்து அண்ணன். தேசிய அணியின் கோல்காப்பாளரைத் திட்டுவதை விட, எமது லீக் இந்த வருடம் எத்தனை போட்டி நடத்தியது, 15 வயதுக்குக் கீழ் போட்டி உண்டா என்று அவர்களிடம் கேட்பது கஷ்டம். ஏனென்றால் அவர்கள் நாளைக்கும் கடைக்கு வருவார்கள்.

அன்றிரவு சஹருக்கு எழும்ப வேண்டுமே என்று ஒவ்வொருவராகக் கிளம்பும்போது, மூலையில் பேசாமல் இருந்த தோட்டத்துத் தம்பி ஒருவர் கேட்டார்: "நானா, இந்த டீம்ல நம்ம தோட்டத்துப் பக்கத்துப் பயலுக யாராச்சும் இருக்கானா?"

அவர் விளையாடும் மைதானம் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் சரிவு. பந்தை ஓங்கி அடித்தால் தேயிலைக்குள் போய்விடும், அதை எடுத்து வரவே ஒரு ஆள் வேண்டும். மழை மாதங்களில் அதுவும் இல்லை.

லொறிக்கார நண்பர் யோசித்துப் பார்த்தார். கடைக்கார நானாவும் யோசித்தார். யாரும் ஒரு பெயர் சொல்லவில்லை.

"சரி, எங்கட லீக்குல கடைசியா எப்ப மெச் நடந்த?" என்று நான் கேட்டேன். அதற்கும் ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள். பெருநாள் முடிந்ததும் லீக் செயலாளரைப் பார்த்து வருவதாக இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் அந்தத் தோட்டத்துத் தம்பி.