மண் போனாலும் தூண் நிற்குமா? ஆற்றுப் பாலங்களில் 'பைல் கேப்' செய்யும் வேலை

திருப்பதி: 2021 நவம்பர் வெள்ளத்தின்போது, அன்றைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி அருகே, சுவர்ணமுகி ஆற்றங்கரையில் நின்ற கான்கிரீட் வீடு ஒன்று ஆற்றுக்குள் சரிந்து விழுந்த காணொளி நாடு முழுவதும் பரவியது. காளஹஸ்தி செல்லும் தமிழர்கள் பொன்முகலி என்றழைக்கும் அதே ஆறுதான். வெள்ளம் கரையை அரித்ததால், வீட்டுக்குக் கீழே மண் இல்லாமல் போனது. அதே மழையில் அண்டை மாவட்டமான கடப்பாவில், கமலாபுரம் அருகே பாபாக்னி ஆற்றுப் பாலமும் இடிந்தது.

மேல்மண்ணை நம்ப முடியாத இடங்களில் பொறியாளர்கள் 'பைல்' எனப்படும் ஆழ்தூண்களை நாடுகின்றனர். இயந்திரத்தால் ஆழமாகத் துளையிட்டு, கம்பிக்கூட்டை இறக்கி, கான்கிரீட் நிரப்பினால் அது பைல். ஆனால் பாலத்தின் ஒரு தூணைத் தாங்கப் பெரும்பாலும் பல பைல்கள் தேவை. அவற்றின் தலைகளை ஒன்றாகப் பிணைக்கும் தடித்த கான்கிரீட் கட்டையே 'பைல் கேப்'.

தூணின் சுமை இந்தக் கட்டைக்குள் சாய்வாக இறங்கி ஒவ்வொரு பைலுக்கும் செல்கிறது. அப்போது பைல்கள் வெளிப்புறமாக விலகப் பார்க்கும். அடிப்பகுதியில் நெருக்கமாகக் கட்டிய கம்பிகள் அந்த இழுவிசையை ஏற்கின்றன. சிக்கனம் என்று கட்டையின் தடிமனைக் குறைத்தால் அது வளையும். தூணுக்கு நேர் கீழேயுள்ள பைல்கள் மீது கூடுதல் சுமை விழும்.

இந்திய தர நிர்ணய விதி ஐ.எஸ். 2911-இன்படி, பைலின் தலை கட்டைக்குள் 50 மில்லிமீட்டர் நுழைந்திருக்க வேண்டும். வெளிவரிசை பைல்களைத் தாண்டிக் கட்டை வழக்கமாக 100 முதல் 150 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். பைலின் உச்சியில் சேறு கலந்த பலவீனமான கான்கிரீட் சேர்ந்திருக்கும். அதை நல்ல கான்கிரீட் தெரியும் வரை உடைத்தெடுத்த பிறகே கட்டையை வார்க்க வேண்டும். அவசரத்தில் கைவிடப்படக்கூடிய வேலை இது; வார்த்து முடித்தபின் யார் கண்ணுக்கும் தெரியாது.

ஆற்றில் இன்னொரு கணக்கும் உண்டு. வெள்ளம் அரிக்கக்கூடிய ஆழம் வரையிலான மண்ணுக்குத் தாங்குதிறனே இல்லை என்று கொண்டுதான் பைலின் நீளம் முடிவாகிறது. மணல் அள்ளுவதால் படுகை தாழ்ந்தால் அந்தக் கணக்கு பிசகும். அரிப்பு ஆழமாகும்போது, கட்டைக்குக் கீழே பைல்கள் பக்கவாட்டுப் பிடிமானமின்றி நீண்ட கால்களைப் போல் வெள்ளத்தின் உந்துதலை எதிர்கொள்ள நேரிடும். வறண்ட ஆற்றில் பைல் கேப்பின் அடிப்புறம் வெளியே தெரிந்தால், அடுத்த மழைக்கு முன்பே படுகையின் மட்டத்தை அளந்து வடிவமைப்புடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.