உறைநிலமும் பனிப்பாலையும்

காவிரிப்படுகையின் கடைமுனையில் அமைந்த காரைக்காலில் ஓராண்டில் ஆயிரம் மில்லிமீட்டருக்கும் மிகுதியாக மழை பொழிகிறது. எனினும் கோடையில் வாய்க்கால்கள் வறண்டு கிடக்கின்றன. வடதுருவத்தை அடுத்த தூந்திரத்தில் ஆண்டுப்பொழிவு பெரும்பாலும் 250 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆயினும் கோடையில் அந்நிலம் குளங்களும் சதுப்புகளுமாகக் காட்சியளிக்கிறது. இம்முரணுக்குக் காரணம் யாது?

தூந்திரத்தின் மேல்மண்ணுக்கு அடியில் ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம் உள்ளது. கோடையில் மேலடுக்கு மட்டுமே உருகும். அந்நீர் கீழிறங்க வழியில்லை. குளிர் மிகுதியால் ஆவியாவதும் குறைவு. எனவே நீர் தேங்குகிறது. அவ்வீரத்தில் பாசிகள், லைக்கன்கள், கோரையினங்கள், குறுஞ்செடிகள் ஆகியன வளர்கின்றன. வளர்பருவம் குறுகியது, வேர் ஆழ்ந்து செல்ல இடமில்லை, ஆகவே மரங்கள் இல்லை. செடிகளைக் கலைமான்களும் லெம்மிங் எலிகளும் உண்ண, எலிகளை ஆர்க்டிக் நரிகள் உண்கின்றன.

இதற்கும் வடக்கே, வடகிரீன்லாந்து, பிரான்ஸ் ஜோசப் தீவுகள் முதலிய இடங்களில் ஆர்க்டிக் பாலை பரந்துள்ளது. தூந்திரத்தில் கோடை மாதச் சராசரி வெப்பநிலை 10 பாகை செல்சியஸை நெருங்கக்கூடும். இங்கோ அது உறைநிலையைச் சற்றே கடக்கும். பாறையும் சரளையும் பனியுமான இந்நிலத்தில் செடிகள் ஆங்காங்கே சிறு திட்டுகளாகவே தோன்றும். இங்கு உயிர்களுக்கு உணவளிப்பது பெரும்பாலும் கடலே. துருவக்கரடி சீல்களை வேட்டையாடுகிறது. கடற்பறவைகள் மீனுண்டு பாறைமுகடுகளில் கூடமைக்கின்றன. அவற்றின் எச்சம் விழுமிடங்களில் பசுமை சற்றே அடர்கிறது.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெடும்போது பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. தமிழ்ப் பாலைக்குக் காரணம் வெம்மை. ஆர்க்டிக் பாலைக்குக் காரணம் தண்மை. நீர் கண்முன்னே கிடந்தும், உறைந்திருப்பதால் வேருக்கு உதவுவதில்லை.

இந்நிலங்களை ஆராய, 2008ஆம் ஆண்டு நார்வேயின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில் இந்தியா 'ஹிமாத்ரி' ஆய்வுநிலையத்தைத் தொடங்கியது. அத்தொலைநிலத்தில் நமக்கென்ன அக்கறை எனச் சிலர் வினவலாம். உறைநிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதையாத தாவர எச்சங்கள் புதைந்துள்ளன. உறைநிலம் உருகினால் அவை சிதைந்து கரியமில வாயுவையும் மீத்தேனையும் வெளியிடும். புவிவெப்பம் மேலும் உயரும். கடலில் மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதில்லை. ஆனால் கிரீன்லாந்தின் நிலப்பனி உருகிக் கடலில் சேர்ந்தால் உயரும். கடல் உயருமாயின், அரசலாற்று முகத்துவாரம் வழியே உவர்நீர் மேலேறும், நிலத்தடி நீரும் உவர்க்கும், நெல்வயல்கள் நலியும். துருவத்துப் பனி நிலைத்திருப்பது, கடைமடை உழவர்தம் வாழ்வும் நிலைத்திருப்பதற்குத் துணையாகும்.