மனைக்கல்லும் முச்சந்தியும்

பனங்காடு ஒன்றை விலைக்கு வாங்கி, முள்ளை வெட்டி, செம்மண்ணைச் சமன் செய்து, வரிசையாகக் கற்களை நட்டுவிட்டால் அதற்கு 'நகர்' என்று பெயர் வந்து விடுகிறது. தூத்துக்குடியைச் சுற்றிய பிரதேசத்தில் இதற்குக் காரணமும் இல்லாமலில்லை. 2025 ஜூலையில் வாகைக்குளம் விமான நிலையத்தில் புதிய கட்டடம் திறந்தார்கள். அடுத்த மாதமே சில்லாநத்தத்தில் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வேலை வந்தால் ஜனங்கள் வருவார்கள். ஜனங்கள் வந்தால் வீடு வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனை விற்பவரின் வர்ணத்தாளில் தவறாமல் காணப்படும் "முக்கிய சாலைக்கு வெகு அருகில்" என்ற வாசகத்தைப் படிப்பவர்கள், அந்தச் சாலை இத்தனை பேரையும் தாங்குமா என்று கேட்பதில்லை.

சாயர்புரத்தையே எடுத்துக் கொள்வோம். சாமுவேல் சாயர் என்ற வர்த்தகரின் பெயரைத் தாங்கிய ஊர் இது. 1842-இல் வந்த ஜி. யு. போப் இங்கே கல்விச்சாலை நிறுவினார்; அன்று தொட்டுக் கல்விக்குப் பெயர் பெற்றது. இத்தகைய ஊரில் பள்ளிக்கூட மணி அடிக்கும் வேளையும், தூத்துக்குடிக்கு உத்தியோகத்துக்குப் புறப்படும் வேளையும் ஒன்றே. புத்தகப் பையுடன் சாலையைக் கடக்கும் குழந்தையும், அவசரமாகத் திரும்பும் ஸ்கூட்டரும் சந்திக்கும் இடம் சந்திதான்.

சந்தியின் கணக்கு விசித்திரமானது. மூன்று சாலைகள் கூடும் முச்சந்தியில் வண்டிகளின் வழிகள் ஒன்றையொன்று சேரும், பிரியும், வெட்டும் இடங்கள் 9 என்று சாலை நிபுணர்கள் எண்ணியிருக்கிறார்கள். அந்த முச்சந்திக்கு நேர் எதிரே ஒரு புதிய 'நகர்' தன் வாசலைத் திறந்தால் அது நாற்சந்தி ஆகிவிடும். அப்போது 9 என்பது 12 ஆவதில்லை, 32 ஆகிறது! சாலை ஒன்று, ஆபத்து மூன்று மடங்குக்கு மேல். வாசலைச் சற்றுத் தள்ளி வைத்திருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கியிருக்கும். வரைபடத்தில் பென்சிலால் செய்திருக்கக்கூடிய திருத்தம் அது. வீடுகள் எழும்பிய பிறகு கடப்பாரையாலும் செய்ய முடியாது.

காத்திருக்கும் நேரத்தின் கணக்கும் இப்படியே ஏமாற்றும். நூற்றுக்கு எண்பது பங்கு நிரம்பிய சந்தியில் இன்னும் பத்துப் பங்கு கூடினால், தாமதம் பத்துப் பங்கு கூடுவதோடு நிற்பதில்லை. வரிசைக் கணிதத்தின் எளிய வாய்பாட்டின்படி ஏறத்தாழ இரு மடங்காகி விடுகிறது.

இதை முன்கூட்டியே அளக்க வழி உண்டா? உண்டு. அமெரிக்காவில் தனி வீடு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்பதரை வண்டிப் பயணம் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பாதிப்பேர் பஸ்ஸிலும் நடந்தும் போகும் நம் ஊருக்கு அந்த எண் உதவாது. சுதேசிக் கப்பல் ஓட்டிய சீமையில் கணக்கை மட்டும் இறக்குமதி செய்வானேன்? 1934-இல் தோன்றிய இந்திய சாலைக் காங்கிரஸ் நமக்கென்று ஓர் அளவு வகுத்திருக்கிறது. கிராமப்புறச் சாலைகளில் ஒரு காரை 1 என்று கொண்டால், ஸ்கூட்டர் அரை. பஸ்ஸும் லாரியும் 3. டிராக்டரும் இழுவைப் பெட்டியும் சேர்ந்தால் நாலரை. பெரிய மாட்டு வண்டி 8! இடத்தையும் வேகத்தையும் எவ்வளவு மறிக்கிறது என்பதே அளவு. நூறு வீடு கொண்ட 'நகர்' ஐந்து எழும்பி, காலை ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் புறப்பட்டால் 250 கார் புதிதாகச் சந்திக்கு வந்தாற்போல.

இங்கேதான் சட்டத்தின் ஓட்டை தெரிகிறது. மத்திய சர்க்காரின் 2006-ஆம் வருஷத்து அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடம் எழுப்புவோர் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். போக்குவரத்தைப் பற்றியும் பதில் சொல்ல வேண்டும். ஐந்தாறு ஏக்கர் மனைப்பிரிவு இந்த வலையில் அகப்படாது. நகர் ஊரமைப்பு இலாகா உட்சாலையின் அகலத்தையும் பொது இடத்தையும் பார்த்து அனுமதி தரும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சாது. ஐந்தும் ஒரே முச்சந்தியில் வந்து கொட்டும்போது யாரைக் கேட்பது?

சென்னைத் தியாகராய நகரின் கதை நேயர்கள் அறிந்ததே. 1920-ஆம் வருஷத்து நகரமைப்புச் சட்டத்துக்குப் பின், மாம்பலம் ஏரியைத் தூர்த்து வகுத்த குடியிருப்பு அது. பனகல் பூங்காவில் சாலைகள் வந்து கூடும்படி அழகாகவே திட்டமிட்டார்கள். குடியிருப்பு கடைவீதியாக மாறுமென்று அன்று கண்டவர் யார்? 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ஆகாய நடைபாதை, 2025 செப்டம்பரில் தெற்கு உஸ்மான் சாலையில் இரும்பு மேம்பாலம் என்று கோடி கோடியாகச் செலவாகியிருக்கிறது.

சாயர்புரம் போன்ற பேரூராட்சிகளுக்கு மேம்பாலம் யாரும் கட்டித் தரப் போவதில்லை. ஆகையால் அடுத்த மனைப்பிரிவுக்குச் சம்மதம் கொடுக்குமுன், பள்ளி நடக்கும் நாளொன்றில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நான்கு பேரைச் சந்தியில் நிறுத்தி எண்ணச் சொல்லலாம்; கல்லூரி மாணவர்களே போதும். அருகருகே உள்ள 'நகர்'கள் தங்கள் உட்சாலைகளை ஒன்றோடொன்று இணைத்துத்தான் தீர வேண்டும் என்று நிபந்தனை போடலாம். அடுத்த தெருவுக்குப் போகக்கூட முக்கிய சாலைக்கு வரும் அவலம் அதனால் நிற்கும். மூலை மனையின் முனையைச் சரித்து விடவும், பஸ் ஒதுங்க இடம் விடவும் கேட்கலாம். இவ்வளவையும் கற்கள் நடுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.